இடித்தது என் எருதுதான்

அந்தச் சுவர் விழுந்தபோது நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். விழுவதற்கு முன்னால் அது கொஞ்சம் யோசித்தது. பிறகு வேறு வழியில்லை என்று தெரிந்துகொண்டு, மரியாதையாகக் கம்பெனிப் பக்கமே சாய்ந்தது. எங்கள் பக்கம் ஒரு கல்கூட உருளவில்லை. இதைச் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். நான் கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டிக்கு வெளியே எடைமேடையில் வேலை பார்த்தவன். லாரியோடு ஏற்றி, சரக்கை எடை போட்டுச் சீட்டுக் கொடுக்கிற வேலை. எடை போடுகிறவன் பொய் சொல்ல மாட்டான். சொன்னாலும் கிராம் கணக்கில்தான் சொல்வான், கிலோ கணக்கில் சொல்ல மாட்டான்.

மூக்கண்டப்பள்ளியில் டவுன் பஸ் ஏறினால் அரை மணியில் எங்கள் ஊர். ஊரில் பாதிப் பேர் கம்பெனிகளுக்குப் போகிறவர்கள், மீதிப் பேர் போனவர்களைப் பற்றிப் பேசுகிறவர்கள். தையில் எருது விடும் விழா நடக்கும். எருதின் கொம்புகளுக்கு நடுவே அலங்காரத் தட்டி ஒன்றைக் கட்டி, இரண்டு பக்கமும் ஜனம் நிற்கிற நீளமான சந்தில் அவிழ்த்து விடுவோம். பையன்கள் பாய்ந்து தட்டியைப் பறிக்கப் பார்ப்பார்கள். தட்டி பறிபோகாமல் சந்தின் கடைசி வரை ஓடி வந்தால் எருதுக்குப் பெயர், எருதுக்காரருக்கு மீசை.

முனிலட்சுமிக்கு மீசை கிடையாது. சிக்கலே அங்கேதான் ஆரம்பம்.

அவள் மாங்கூழ் பேக்டரியில் சீசனுக்கு வேலை பார்ப்பவள். புருஷன் அத்திப்பள்ளியில் வாட்ச்மேன். வாரம் ஒரு முறை வருவான், அவள் எருது அவனைப் பார்த்து வெளியாள் என்று முட்ட வரும். எருதின் பெயர் கெம்பன். கர்நாடகத்துச் சந்தையில் கன்றாக வாங்கியது. தமிழில் கூப்பிட்டால் காது கேட்காதது போல நிற்கும். கன்னடத்தில் திட்டினால் உடனே திரும்பிப் பார்க்கும். நாலு வருஷமாக விழாவுக்கு அதைக் கொண்டுவருகிறாள். நாலு வருஷமும் கடைசி எருதாக, வெயில் இறங்கி ஜனம் கலைகிற நேரத்தில்தான் அவிழ்த்து விடச் சொன்னார்கள். விழாக் கமிட்டித் தலைவர் சென்னகிருஷ்ணன் மைக்கில் சொல்வார்: “அடுத்து வர்றது பொம்பள வளத்த எருது. பையங்களா, பூ பறிக்கிற மாதிரி மெதுவா பறிங்கடா, அதுக்கு வலிக்கும்.” ஊரே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். மைக்கில் சொல்லும்போது சிரிக்காமல் இருப்பது கஷ்டம்.

ஓடி வருகிற எருதுக்கு நிற்க இடம் வேண்டும். அதற்காகவே சந்து முடிகிற இடத்தில் ஒரு மாந்தோப்பு இருந்தது. எருதுகள் அதற்குள் புகுந்து, வேகம் குறைந்து, ஏதாவது ஒரு மரத்தடியில் தாமாகவே நின்று மேய ஆரம்பிக்கும். போன விழா முடிந்த பிறகு அந்தத் தோப்பைப் பல்சக்கரம் செய்கிற ஒரு கம்பெனி வாங்கி, மரத்தை வெட்டி, ஆளுயரத்துக்கு ஹாலோ பிளாக் சுவர் எழுப்பிவிட்டது. சந்து நேராகப் போய் அந்தச் சுவரில் முடிந்தது. கம்பெனிக்காரர்களுக்கு எருது தெரியாது. எங்களுக்குத் தெரியும், ஆனால் விழாவுக்கு நாளிருக்கிறதே என்று இருந்துவிட்டோம்.

கெம்பனுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை. பழக்கிவிடலாம் என்று முனிலட்சுமி விழாவுக்கு ஐந்தாறு நாள் முன்னால், ஒரு காலையில் அதைச் சந்தில் அவிழ்த்து விட்டாள். அது தோப்புக்குப் போகிற நினைப்பில் போயிற்று. தோப்பு இருந்த இடத்தில் சுவர் இருந்ததை நெற்றியால்தான் தெரிந்துகொண்டது. நான் முதலில் சொன்னது போல, சுவர் யோசித்தது, விழுந்தது. கெம்பன் உடைந்த கல்லின் மேல் நின்று தும்மியது. அந்தத் தும்மலில் மேலும் இரண்டு கல் சரிந்தது.

முனிலட்சுமி ஓடி வந்து அதன் நெற்றியைத் தடவிப் பார்த்தாள். புளியங்கொட்டை அளவுக்கு வீக்கம். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டாள்.

“பாத்தியா மாமா?” என்றாள் என்னிடம்.

“பாத்தேன்.”

“முழுசா பாத்தியா?”

“சுவரு சாயறதுக்கு முன்னாடி இருந்தே பாத்தேன்.”

“போதும்” என்றாள். கவலைப்பட வேண்டிய நேரத்தில் அவள் முகம் கல்யாண வீட்டு முகம் போல இருந்தது.

சாயங்காலமே கம்பெனி மேனேஜர் வந்துவிட்டார். பெயர் சுடலைமுத்து, திருநெல்வேலிப் பக்கம். நல்ல மனிதர்தான், அவருக்கும் மேலே பெங்களூரில் யாரோ இருக்கிறார்கள், அவர்களுக்கும் மேலே கடல் தாண்டி யாரோ. கூடவே ஜெயப்ரியா என்கிற இன்ஜினீயர் பெண் வந்தாள். மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது.

“யாரோட மாடுன்னு எனக்கு வேண்டாம்” என்றார் மேனேஜர். “ஒங்க மாடு இடிச்சிருந்தா அந்த மாடு இந்த ஊர்ல இருக்கப்பிடாது. வெளிய அனுப்பிருங்க. இல்லைன்னா நான் கம்ப்ளைன்ட் கொடுப்பேன், ஒங்க விழாவுக்கே பர்மிஷன் கிடைக்காது. மாடு இடிக்கலைன்னா சொல்லுங்க, நான் கான்ட்ராக்டரப் பிடிச்சுக்கிடுதேன். எனக்கு ஒரு பதில் வேணும், அம்புட்டுதான்.”

சென்னகிருஷ்ணன் மீசையைத் தடவினார். விழா நின்றுபோனால் அவர் மீசைக்கு வருஷம் முழுக்க வேலையில்லை. “எந்த எருதும் இடிக்கல சார். ஒரு எருது இடிச்சி சுவரு விழுமா? கணக்குப் போட்டே காட்டறோம். டேய் ஹரீஷ், வாடா.”

ஹரீஷ்குமார் அவர் தங்கை மகன். பாலிடெக்னிக் முடித்தவன். அங்கன்வாடிக் கரும்பலகையைத் தூக்கி வந்து கோயில் சுவரில் சாய்த்தார்கள். எருதின் எடை வேண்டும் என்றான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“நானூத்தி இருவது கிலோ” என்றேன். “போன மாசம் வைக்கோல் வண்டியோட மூக்கண்டப்பள்ளி எடைமேடையில ஏறுச்சு, தனியாவும் போட்டுப் பாத்தேன். மூச்ச இழுத்தா நானூத்தி இருவத்தொண்ணு.”

“மூச்சு வேணாம் பெரியப்பா.”

அவன் எழுதினான். விசை என்றால் நிறையை முடுக்கத்தால் பெருக்குவது. முடுக்கம் என்றால் ஒவ்வொரு விநாடியும் வேகம் எவ்வளவு ஏறுகிறது என்பது. கெம்பன் நின்ற இடத்திலிருந்து கிளம்பி, இரண்டே விநாடியில் விநாடிக்குப் பத்து மீட்டர் வேகம் பிடிக்கிறது. அப்படியென்றால் முடுக்கம் ஐந்து. நானூற்று இருபதை ஐந்தால் பெருக்கினால் இரண்டாயிரத்து நூறு நியூட்டன்.

“நியூட்டன்னா எவ்ளோடா? கிலோல சொல்லு” என்றது கூட்டம்.

“பத்து நியூட்டன் ஒரு கிலோ சுமைன்னு வெச்சிக்குங்க. இருநூத்திப் பத்து கிலோ தள்ளற மாதிரி. அவ்ளோதான். மூணு ஆளு சாஞ்சி நின்னா வர்ற பலம். மூணு ஆளு சாஞ்சா சுவரு விழுமா?”

“விழாது!” என்றது ஊர்.

“அப்ப கலவைதான் சரியில்ல” என்றார் சென்னகிருஷ்ணன். “எருது சும்மா ஒரசிட்டுப் போயிருக்கும். பொம்பள வளத்த எருது சார் அது. நேரா போயி சுவத்த இடிக்கிற தெம்பு அதுக்கு ஏது?”

சிரிப்பு எழுந்தது. மேனேஜரும் நிம்மதியாகச் சிரித்தார். கான்ட்ராக்டரை மிரட்டுவது எருதை விரட்டுவதை விடச் சுலபம். எல்லாம் முடிந்தது, கெம்பன் தப்பித்தது, எழுந்து போகலாம் என்று நானே துண்டை உதறினேன்.

“உக்காருங்க எல்லாரும்” என்றாள் முனிலட்சுமி.

ஊர் உட்கார்ந்தது. ஏன் உட்கார்ந்தோம் என்று எங்களுக்கே தெரியவில்லை.

“இடிச்சது என் எருதுதான். ஒரசல. நேரா போயி நெத்தியால இடிச்சுது. நான் பாத்தேன். மாமாவும் பாத்தாரு.”

பக்கத்தில் இருந்த மாதேஸ்வரி அவள் சேலையை இழுத்தாள். “அடியேய், வாய மூடுடி. மாடு பொழச்சிக்கும்.”

“பொழைக்கும்க்கா. மாடா பொழைக்கும், எருதா பொழைக்காது. நாலு வருசமா இவரு மைக்குல சொன்னத இப்ப கரும்பலகையில எழுதிட்டாங்க. மூணு ஆளு பலமாம். இத அழிங்க மொதல்ல.”

“அழிச்சா எருது ஊர விட்டுப் போகணும் தாயி” என்றார் சென்னகிருஷ்ணன். முதல் தடவையாகக் குரலில் கிண்டல் இல்லை. “உன் நல்லதுக்குத்தான சொல்றோம்.”

“போகாது.”

“இடிச்சதையும் ஒத்துக்குவ, போகவும் போகாது. இது என்னா ஞாயம்?”

“என் எருதோட ஞாயம்” என்றாள்.

மேனேஜர் கையை விரித்தார். “ஏம்மா, நான்தான் விட்டுட்டேன்லா? கணக்கே ஒன் பக்கம் பேசுது. நீ ஏம் எதிர்த்துப் பேசுத?”

அதுவரை பலகையையே பார்த்துக்கொண்டு நின்ற ஜெயப்ரியா, சாக்பீஸைக் கையில் எடுத்தாள். “சார், கணக்கு தப்பு சார்.”

“நீ எதுக்கும்மா இப்ப...”

“இவரு போட்டது எருது கெளம்பறதுக்கான முடுக்கம். எருது கெளம்பும்போது சுவத்த இடிக்கல. ஓடி வந்து நிக்கும்போதுதான் இடிச்சுது. நிக்கற நேரத்தத்தான் பாக்கணும்.” அவள் என்னைப் பார்த்தாள். “ஐயா, நீங்க பாத்தீங்கல்ல? சுவத்துல பட்டதும் எவ்ளோ நேரத்துல நின்னுச்சு?”

“கண்ண மூடித் தொறக்கற நேரம்” என்றேன். “நான் கண்ணை மூடவே இல்ல, அதனால அதுலயும் பாதி.”

“விநாடியில பத்துல ஒரு பங்குன்னு வெச்சிக்கலாம்.” எழுதினாள். பத்து மீட்டர் வேகம் பத்தில் ஒரு பங்கு விநாடியில் காணாமல் போனால் முடுக்கம் நூறு. நானூற்று இருபதை நூறால் பெருக்கினால் நாற்பத்திரண்டாயிரம்.

பின்வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள். ஹரீஷ்குமார் தலையைச் சொறிந்தான். “ஆமால்ல... நான் கெளம்பறத போட்டுட்டேன்” என்றான். நாலு டன்னுக்கு மேலே. மாங்காய் ஏற்றிய டெம்போ ஒன்று நெற்றியில் உட்கார்ந்தது போல. சென்னகிருஷ்ணன் தன் எருதை நினைத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். முகம் அப்படி ஆயிற்று.

முனிலட்சுமி பலகைக்குக் கிட்டே போய் அந்த எண்ணைப் பார்த்தாள். “இது கெம்பனோடதா?”

“ஆமாங்க.”

“ரொம்ப சந்தோசம்” என்றார் மேனேஜர். “இப்ப ஆச்சா? மாடுதான் இடிச்சிருக்கு, ஒங்க வாயாலயே ஆச்சு, எங்க கணக்காலயும் ஆச்சு. அனுப்பிருங்க.”

முனிலட்சுமி அவரைத் திரும்பியே பார்க்கவில்லை. “ஏம்மா, சுவரு இல்லாம தோப்பு இருந்திருந்தா? தோப்புல அது மெதுவா, நாலு விநாடி எடுத்து நிக்கும். அப்ப எவ்ளோ?”

ஜெயப்ரியா மேனேஜரைப் பார்த்தாள். மேனேஜர் கண்ணால் வேண்டாம் என்றார். அவள் கண்ணாடி போட்டிருந்தாள். கண்ணால் சொன்னது கண்ணாடியில் பட்டுத் திரும்பியிருக்க வேண்டும். எழுதிவிட்டாள். பத்தை நாலால் வகுத்தால் இரண்டரை. நானூற்று இருபதை இரண்டரையால் பெருக்கினால் ஆயிரத்து ஐம்பது.

“அதே எருது, அதே வேகம்” என்றாள். “நிக்க எடம் இருந்தா ஆயிரத்தி அம்பது. எடம் இல்லன்னா நாப்பத்திரெண்டாயிரம்.”

“ஜெயப்ரியா!”

“கணக்கு கேட்டாங்க சார்.”

முனிலட்சுமி இப்போது மேனேஜர் பக்கம் திரும்பினாள். “அப்ப என் எருது கொண்டாந்தது ஆயிரம் சார். மிச்சத்த குடுத்தது உங்க சுவரு. நிக்க வேண்டிய எடத்துல நீங்க கட்டிட்டு, நின்னது தப்புங்கறீங்க. என் எருத அனுப்ப முடியாது. உங்க சுவத்த அனுப்புங்க.”

“அது எங்க நெலம்மா. காசு கொடுத்து வாங்கின நெலம். நாளைக்கே திரும்பக் கட்டுதேன், காங்கிரீட்ல கட்டுதேன். அப்ப என்ன செய்வே?”

“காங்கிரீட் வளைஞ்சே குடுக்காது சார்” என்றாள் ஜெயப்ரியா, தனக்குத்தானே பேசுவது போல. “இன்னும் சீக்கிரம் நிக்கும். விசை இன்னும் ஏறும். சுவரு நிக்கும், எருது நிக்காது.”

அப்போதுதான் முனிலட்சுமியின் முகம் மாறியது. அதுவரை எருதின் பெயர் போகும், எருது ஊரை விட்டுப் போகும் என்றிருந்தது; இப்போது எருதே போகும் என்றாகிவிட்டது. சனிக்கிழமை விழா. எருது ஓடுகிற சந்தை வேறு பக்கம் திருப்ப முடியாது. இரண்டு பக்கமும் வீடு. கெம்பனை வீட்டில் கட்டிப் போடலாம், ஒருவரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். மாதேஸ்வரி அதைத்தான் காதில் சொன்னாள்.

“கெம்பன் சனிக்கிழமை ஓடும்” என்றாள் முனிலட்சுமி. “நாளைக்கி கட்ட வாங்க. சுவரு வர்ற எடத்துல நான் நிப்பேன். என் மேல கட்டிக்கிங்க.”

மறுநாள் காலையில் கலவை மிஷினோடு ஆட்கள் வந்தபோது அவள் உடைந்த சுவரின் அஸ்திவாரத்தின் மேல் நின்றிருந்தாள். கையில் கெம்பனின் கயிறு. நான் அவளுக்குப் பக்கத்தில் ஒரு ஹாலோ பிளாக் மேல் உட்கார்ந்திருந்தேன். வயசாகிவிட்டதால் உட்கார்ந்தபடியேதான் எதையும் எதிர்ப்பேன். கொஞ்ச நேரத்தில் மாதேஸ்வரி தூக்குப்போசியில் ராகிக் கூழோடு வந்தாள், கொடுத்துவிட்டுப் போகவில்லை. ஹரீஷ்குமார் வந்தான். கணக்கைத் தப்பாய்ப் போட்டவன் கணக்குத் தீர்க்க வந்தேன் என்றான்.

பிறகு சென்னகிருஷ்ணன் வந்தார், தன் எருதோடு.

“என்னா, வேடிக்க பாக்க வந்தியா?” என்றேன்.

“ராத்திரி தூக்கம் வரலப்பா. என் எருதும் அந்தச் சந்துலதான ஓடணும்? அது ஐநூறு கிலோ. பெருக்கிப் பாத்தேன்.” முனிலட்சுமியிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு இந்தப் பக்கம் இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டார். ஆனால் அவர் எருது அவர் முதுகிலேயே முட்டிக்கொண்டிருந்ததால், அந்த இரண்டு அடியும் சீக்கிரம் தீர்ந்துபோனது.

அவர் வந்ததும் மற்ற எருதுக்காரர்கள் வந்தார்கள். காலை ஷிப்டுக்குக் கிளம்பியவர்கள், ‘என்னா கூட்டம்?’ என்று கேட்க நின்றவர்கள், அப்படியே நின்றார்கள். கம்பெனிக்குப் போகிற வழியே அதுதான். நின்றவர்கள் போகவில்லை என்றால் பல்சக்கரம் சுற்றாது. இதை ஒருவரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. எங்கள் ஊரில் திட்டம் போட்ட எதுவும் நடந்ததில்லை.

மேனேஜர் வந்து பார்த்தார். ஜெயப்ரியாவைக் கூப்பிட்டார். “இவங்கள நகத்த என்ன வழி? நீதான் எல்லாத்துக்கும் கணக்கு வச்சிருக்கியே.”

அவள் கூட்டத்தை ஒரு முறை பார்த்தாள். எருதுகளையும் பார்த்தாள். “நிறை ரொம்ப இருக்கு சார். முடுக்கம் சுழி.”

“அப்படின்னா?”

“யாரும் அசையல சார்.”

முனிலட்சுமி கயிற்றை ஒரு சுற்று கையில் சுற்றிக்கொண்டாள், அவ்வளவுதான். மேனேஜர் வெயிலில் நின்று யாருக்கெல்லாமோ போன் போட்டார். பெங்களூரிலிருந்து பெங்களூருக்கு மேலே போயிருக்க வேண்டும். நடுவில் அவர் பேசிய இங்கிலீஷ் கெம்பனுக்கே பிடிக்கவில்லை, காதை ஆட்டியது. கடைசியில் போனைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

“கேட் வைக்கோம்” என்றார். “சுவரு கட்டுதோம், சந்துக்கு நேரா பெரிய கேட். விழாவுக்கு மட்டும் தெறப்போம். சரியா?”

“தொறக்கறது யாரு?” என்றாள் முனிலட்சுமி.

“எங்க செக்யூரிட்டி.”

“சாவி ஊர்ல இருக்கணும்.”

“எம்மா, இது கம்பெனி...”

“அன்னிக்கி காலையில உங்க செக்யூரிட்டிக்கு வயித்து வலி வந்தா, நாப்பத்திரெண்டாயிரம் சார்.”

மேனேஜர் வியர்வையைத் துடைத்தார். “சாவி ஒண்ணு ஊர்லயே இருக்கட்டும்வே!” என்றார் யாரையோ பார்த்து. அந்தத் திருநெல்வேலி ‘வே’யைக் கேட்டதும், மனுஷன் விட்டுக்கொடுத்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

“அப்பறம் இன்னொண்ணு” என்று அவள் சென்னகிருஷ்ணனைப் பார்த்தாள்.

“மைக்கா?” என்றார் அவர்.

“மொத எருது.”

அவர் மீசையைத் தொட்டார். தொட்ட கையைக் கீழே போட்டுவிட்டார். “வுடு, மொதல்ல வுடு” என்றார்.

சனிக்கிழமை கேட் வந்துவிட்டிருந்தது. பெயின்ட் இன்னும் காயவில்லை. கேட்டுக்கு அந்தப் பக்கம் தோப்பு இருந்த இடத்தில் புல்தரை போட்டிருந்தார்கள். சாவி முனிலட்சுமியின் இடுப்பில். திறந்தவளும் அவள்தான்.

கெம்பனின் கொம்பில் அவள் தட்டி கட்டியிருந்தாள். மற்ற எருதுகளின் தட்டியில் பூவும் ஜிகினாவும், சாமி படமும், கட்சிக் கொடி நிறமும். இவள் தட்டியில் வெள்ளைத் தாளில் கறுப்புப் பெயின்டில் ஒரே ஒரு எண்: 42,000. அதை ஹரீஷ்குமாரிடம் எழுதி வாங்கியிருந்தாள். சூளகிரியிலிருந்து வேடிக்கை பார்க்க வந்த ஒருவர் என்னிடம், “பரிசுப் பணமா பெரியவரே?” என்றார்.

“இல்ல” என்றேன். “நெத்தி.”

அவருக்குப் புரியவில்லை. ஆனால் சந்தில் நின்ற எங்கள் ஊர்ப் பையன்களுக்குப் புரிந்தது. சென்னகிருஷ்ணன் மைக்கைப் பிடித்தார். தொண்டையைச் செருமினார். “மொத எருது. முனிலட்சுமியோட எருது. கெம்பன்.” அதோடு நிறுத்திக்கொண்டார். மைக் கொஞ்ச நேரம் கொர்ரென்றது.

அவிழ்த்து விட்டார்கள். அவள் கன்னடத்தில், “ஹோகு!” என்றாள்.

உண்மையைச் சொல்ல வேண்டும். கெம்பன் அன்று அப்படி ஒன்றும் ஓடவில்லை. பாதிச் சந்து வந்ததும் தூரத்தில் பார்த்தது. சுவர் இல்லை, கேட் திறந்திருந்தது, அதற்கு அப்பால் பச்சைப் புல். அதற்குச் சலித்துப்போனது என்று நினைக்கிறேன். நடக்க ஆரம்பித்தது. எந்தக் குழந்தையும் எட்டிப் பறித்திருக்கலாம், அவ்வளவு மெதுவாக, கொம்பில் தட்டியை ஆட்டிக்கொண்டு சந்தின் நடுவே வந்தது. இரண்டு பக்கமும் கை நீட்டித் தயாராக இருந்த பையன்கள் ஒவ்வொருவராகக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். நான் முன்வரிசையில் இருந்தேன். அது என்னை உரசிக்கொண்டுதான் போனது. நானும் கை வைக்கவில்லை. எனக்கும் கணக்குத் தெரியும்.

அது கேட்டுக்குள் நுழைந்து, ஆர அமர நின்று, கம்பெனிப் புல்லை ஒரு வாய் கடித்து, பிடிக்காமல் துப்பியது. தட்டி கொம்பிலேயே இருந்தது.

“என்னா முனிலட்சுமி, உன் எருது நடந்துதான வந்துது?” என்றார் சென்னகிருஷ்ணன், மைக்கை மூடிக்கொண்டு.

“நடந்துதான் வந்துது” என்றாள். “பறிச்சியா?”